வன்னியில் வீடு கட்டுகிறீர்களா? வேலைப் பிழைகளைப் பிடிக்கவும் திருத்தவும் ஒரு வழிகாட்டி

விசுவமடுவில் எங்கள் வீட்டுக்குக் குடிபுகுந்து முதல் மாரி முடிந்த தை மாதம், குசினியின் மேற்கு மூலையில் ஒரு வெடிப்பைக் கண்டோம். யன்னலின் கீழ்மூலையில் தொடங்கி, கல் வரிசைகளுக்கு இடையே படிக்கட்டுப் போல இறங்கி, நிலம் வரைக்கும் போயிருந்தது. "அது பூச்சு வெடிப்பு, பயப்பிடாதேங்கோ" என்று சொன்ன மேசன், சீமெந்துப் பால் பூசி மறைத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் அதே இடத்தில் தீக்குச்சி நுழையும் அளவுக்குப் பிளந்தது. வெளிப்பக்கம் தோண்டிப் பார்த்தால், அத்திவாரத்துக்குக் கீழே ஒரு பழைய பங்கர். போர்க் காலத்தில் யாரோ வெட்டியது, பிறகு குப்பையும் இளமண்ணும் போட்டு மூடப்பட்டது. அத்திவாரம் வெட்டிய அன்று அந்த இடத்தில் மண் இளகலாக இருந்ததை வேலையாட்கள் கண்டிருக்கிறார்கள். நான்கு கல்லைப் போட்டு மேலே கட்டிவிட்டார்கள். அன்று எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவரும் காணியில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று பலருடைய வீட்டு வேலைகளில் கூட நின்றிருக்கிறேன். நான் கண்ட பெரிய பிழைகள் எல்லாம் மூடப்பட்ட இடத்தில்தான் இருந்தன: மண்ணுக்குள், கொங்கிறீட்டுக்குள், பூச்சுக்குள். ஆகவே ஒவ்வொரு வேலையையும் மூடுவதற்கு முன் பாருங்கள், பார்த்த வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் காணியை விசாரியுங்கள்

மேலே நின்று பார்த்து வன்னிக் காணி ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. பங்கர், தூர்ந்த கிணறு, பழைய மலசலகூடக் குழி, செல் விழுந்த கிடங்கு, வீதிக்கு மண் எடுத்த பள்ளம், எதுவும் இருக்கலாம். அயலில் நீண்ட காலம் இருக்கிற ஒரு ஐயாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வந்து காணியைச் சுற்றி நடவுங்கள். "ஐயா, இதுக்குள்ள பங்கர், கிணறு ஏதும் முந்தி இருந்ததோ?" என்று கேளுங்கள். அவர்கள் ஒரு மரத்தை வைத்து இடத்தைச் சரியாகக் காட்டுவார்கள். அப்படியே 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது இந்தக் காணியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நிலமட்டம் அந்த அடையாளத்துக்கு மேலே வர வேண்டும்.

கயிறு கட்டி அத்திவாரக் கோடு போட்ட பிறகு, அந்தக் கோடு நெடுகிலும் இரண்டு அடிக்கு ஒரு தடவை அலவாங்கால் ஓங்கிக் குத்துங்கள். மற்ற இடமெல்லாம் சில அங்குலத்தோடு நிற்கிற அலவாங்கு ஒரு இடத்தில் மட்டும் முழங்கை ஆழம் இறங்கினால், அங்கே தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். இளமண் முழுவதையும் அள்ளி, இறுகிய மண் வரும்வரை இறங்கி, அங்கிருந்து கொங்கிறீட்டாலோ கருங்கல் கட்டாலோ மேலே வர வேண்டும். குழி பெரிதென்றால் அதைத் தாண்டிப் போகிற மாதிரி பீம் போட வேண்டி வரும். அதற்குக் கம்பியும் அளவும் ஒரு பொறியியலாளரிடம் அல்லது தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம்தான் கேட்க வேண்டும்.

தோண்டும்போது செல், கண்ணிவெடி, தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொட வேண்டாம், தள்ளி வைக்கவும் வேண்டாம். வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, இடத்துக்கு ஒரு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். பொலிசின் அவசர இலக்கம் 119.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணும், குளங்களுக்குக் கீழான வயற்காணிக் களியும் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த மண்ணில் சாதாரண ஆழத்தில் அத்திவாரம் போட்டால் சுவர் வருடா வருடம் அசையும். ஆழம் கூட்டி, நிலமட்டத்தில் சுற்றிவர ஒரு கொங்கிறீட் பீமும் போடுங்கள். பூநகரி போன்ற கரையோர இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவரா என்று பாருங்கள். உவர்த்தண்ணீரில் குழைத்த கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

எழுதி வைக்க வேண்டியவை

எங்கள் ஊர்களில் மேசன் பெரும்பாலும் தெரிந்தவராகவோ தூரத்து உறவாகவோ இருப்பார். "எழுத்து எதுக்கு, எங்களுக்குள்ளதானே" என்பார். எழுத்து இருப்பதுதான் அந்த உறவைக் காப்பாற்றும். ஒரு கொப்பித் தாள் போதும். வீட்டின் அளவு, வரைபடம், பொருள் யாருடையது, கூலி சதுர அடிக்கா முழு வேலைக்கா, கலவை விகிதங்கள், முடிக்கும் திகதி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்பவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகள் இருவரையும் போடச் சொல்லுங்கள். பிழையான வேலையைக் கூலி இல்லாமல் திருத்தித் தருவது மேசனின் பொறுப்பு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. இலங்கையின் காலவிதிப்புச் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம்தான்.

காசைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது வன்னிக்குப் புதிதில்லை. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாயும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு அப்படித்தான் வந்தது, வேலை முன்னேறியதைப் பார்த்த பிறகு அடுத்த பகுதி. அதே முறையை உங்கள் சொந்தக் காசிலும் கடைப்பிடியுங்கள். முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம். அத்திவாரம், லின்டல் (கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீட் விட்டம்) மட்டம், கூரை மட்டம், கூரை, பூச்சும் நிலமும் என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு கொடுங்கள். மொத்தக் கூலியில் 5 முதல் 10 வீதத்தை ஒரு முழு மாரி முடியும்வரை பிடித்து வையுங்கள், அதையும் முதல் நாளே எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு திடீரென்று பிடித்து வைத்தால் சண்டைதான் வரும். வீட்டில் சாமத்தியவீடு, கலியாணம் என்று மேசன் இடையில் கடன் மாதிரிக் கேட்பார். கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள், ஆனால் அதை வேலைக் கணக்கோடு கலக்காமல் வேறாக எழுதுங்கள்.

பிரதேச சபையின் கட்டட அனுமதியை வேலை தொடங்கும் முன் எடுங்கள். பிறகு, அனுமதித்தபடி கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் எடுக்கவும் வங்கிக் கடனுக்கும் அது தேவைப்படும்.

பொருட்கள் இறங்கும்போது

மணல் டிப்பரில் வந்து கொட்டும் முன் ஒரு கை அள்ளிப் பாருங்கள். தெளிந்த கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் கீழே அடையும், மண்டி அதன் மேலே படியும். மண்டியின் தடிப்பு மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணல் கொங்கிறீட்டுக்கு வேண்டாம். கடல் மணலை எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள்.

சீமெந்துக் கல்லை இடுப்பளவு உயரத்திலிருந்து இறுகிய மண்ணில் விழவிடுங்கள். மூலை உடைந்தால் பரவாயில்லை, தூளாகப் போனால் கூடாது. ஆணியால் கீறினால் மணலாக உதிரக் கூடாது. போன கிழமை அரிந்த கல்லை இந்தக் கிழமை ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் இடத்துக்கே போய், கல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறார்களா என்று கண்ணால் பார்ப்பது நல்லது.

சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் திகதியும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதும், கையால் நசித்தால் உடையாத கட்டி உள்ளதும் வேண்டாம். பைகளை நிலத்தில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள். ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பொருள் பிழையா வேலை பிழையா என்ற கேள்வி பிறகு கட்டாயம் வரும்.

மூடும் முன் நிற்க வேண்டிய நாட்கள்

வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் நிற்க எல்லோராலும் முடியாது. ஆனால் சில நாட்களைத் தவறவிடக் கூடாது: அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிந்த நாள், நிலத்துக்கு மண் நிரப்பும் நாள், கம்பி கட்டி முடிந்து கொங்கிறீட் போடும் நாள், பூச்சுக்கு முன் பைப்பும் வயரும் பதித்த நாள். "இந்த நாலு நாளும் நான் வராமல் மூட வேண்டாம் அண்ணை" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நல்ல மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மண் நிரப்பும்போது ஒரேயடியாகக் கொட்டி மட்டப்படுத்த விடாதீர்கள். அரை அடி மண், தண்ணீர், இடித்து இறுக்கல், பிறகு அடுத்த அரை அடி. இது சரியாக நடக்காத வீட்டில்தான் இரண்டாம் வருடம் நிலம் தாழ்ந்து மாபிள் வெடிக்கும்.

சுவர் நேராக எழும்புகிறதா என்று இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் நான்கைந்து அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். நேர்க்கோட்டில் மேலும் கீழும் மூட்டு வந்தால் அந்த இடம் பிளக்கும், மூட்டு மாறி மாறி வர வேண்டும். லின்டல் யன்னலுக்கு இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் ஏற வேண்டும், 9 அங்குலம் என்றால் நல்லது. யன்னல் மூலை வெடிப்புகளில் ஒரு பங்கு இந்தக் குறையால் வருகிறது. நிலமட்டத்தில் ஈரத்தடுப்புப் படை போட்ட பிறகுதான் சுவர் எழும்ப வேண்டும். அதை விட்டுவிட்டால் மாரியில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உரியும், பிறகு எந்தப் பெயின்றும் நிற்காது.

கொங்கிறீட் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று விட்ட பிழையைத் திருத்துவது மிகவும் கடினம். முதலில் கம்பி. ஒரு கம்பியோடு இன்னொன்றைச் சேர்க்கும் இடத்தில், 12 மில்லிமீற்றர் கம்பி என்றால் இரண்டடி ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். கம்பி பலகையில் முட்டக் கூடாது. கீழே சிறிய கொங்கிறீட் கட்டைகள் வைத்து, பிளேற்றுக்கு (கொங்கிறீட் தட்டுக்கு) முக்கால் முதல் ஒரு அங்குலம், தூணுக்கு ஒன்றரை அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். செங்கல் துண்டோ தடியோ வைக்க விடாதீர்கள்.

அடுத்தது அளவு. சவளால் எண்ணிப் போடுவது அளவாகாது, ஆள் களைக்கக் களைக்கச் சவள் சிறுக்கும். உள்ளளவு 12க்கு 12க்கு 15 அங்குலத்தில் ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். அது ஒன்றேகால் கன அடி, ஏறக்குறைய 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் கொள்ளளவு. 1:2:4 கலவைக்கு ஒரு பை சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி முக்கால் அங்குலச் சல்லி. தண்ணீர் ஒரு பைக்கு 25 லீற்றர் அளவில் போதும், மணல் ஈரம் என்றால் அதைவிடக் குறைவு. கலவை ஓடினால் வேலை சுகம் என்று தண்ணீரை ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றக் கொங்கிறீட்டின் பலம் போகும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதையும் அனுமதிக்காதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும்.

பிறகு தண்ணீர் கட்டுதல். எங்கள் பக்கத்தில் கட்டட வேலை நடப்பதே தை தொடங்கிப் புரட்டாதி வரையான வெயில் காலத்தில். ஆடி ஆவணியில் சோளகம் அடிக்க அடிக்க கொங்கிறீட்டின் ஈரம் ஒரு மத்தியானத்துக்குள் போய்விடும். கிணறும் அப்போதுதான் வற்றும், பவுசரில் தண்ணீர் வாங்குகிறவர் பாத்திரம் கழுவவே கணக்குப் பார்ப்பார். அந்த நேரத்தில் தூணுக்குத் தண்ணீர் ஊற்று என்றால் மனம் வராதுதான். ஆனாலும் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பதினான்கு நாள் ஈரம் காயக் கூடாது. பிளேற்றைச் சுற்றிக் களிமண் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைத்து, அதன் மேல் பழைய தறப்பாளைக் கட்டினால் தண்ணீர் மிச்சமாகும். இதை மேசனை நம்பி விடாமல் வீட்டார் செய்வதுதான் வழக்கம், அதுவே நல்லது. பிளேற்றின் கீழ்ப்பலகையும் முட்டும் பதினான்கு நாளாவது நிற்கட்டும். நீளம் கூடிய பீமுக்கு இன்னும் கூட.

பைப்புகளைப் பூசும் முன் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். குளியலறை நிலத்தில் மாபிள் பதிக்கும் முன் ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.

கூரைக்குப் பச்சை மரம் வேண்டாம். காயாத மரத்தில் செய்த கதவு நிலை ஒரு கோடையில் முறுக்கிக்கொள்ளும். கறையான் மருந்தை அத்திவார நேரத்திலேயே அடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கட்டுவிப்பவர்கள் "படம் அனுப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அளவுநாடாவை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்: கிடங்கின் ஆழம், கம்பியின் இடைவெளி, லின்டல் ஏறிய நீளம். கொங்கிறீட் நாளன்று வட்ஸ்அப்பில் நேரடியாகப் பாருங்கள். அதோடு, மேசனுக்கு உறவில்லாத ஒரு தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு அந்த நான்கு நாட்களுக்கும் கூலி கொடுத்துப் பார்க்கச் சொன்னால், பிறகு திருத்தச் செலவோடு பார்க்கும்போது அது சின்னக் காசு.

பிழை கண்ட பிறகு

முதலில் அந்த இடத்து வேலையை மட்டும் நிறுத்துங்கள். படம் எடுங்கள், அளவுங்கள், திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு மேசனை வேலையாட்களுக்கு முன்னால் ஏசாமல், தனியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். "அண்ணை, இந்தச் சுவர் கொஞ்சம் வெளியில நிக்குது போல, குண்டு போட்டுப் பாப்பமே?" என்று கேட்டால் அவரே பார்த்து ஒப்புக்கொள்வார். "நீர் பிழையாக் கட்டிப்போட்டீர்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்ன செய்வது, எந்த நாளுக்குள் என்று முடிவானதை அன்றிரவே அவருக்கு ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.

எல்லாப் பிழையும் ஒரே கனமில்லை. வலை போல மெல்லிய பூச்சு வெடிப்பு, பெயின்றுக்கு முன் நிரப்பினால் போதும். பூச்சைத் தட்டும்போது பொள்ளென்று கேட்கும் இடத்தை வெட்டி எடுத்துத் திரும்பப் பூச வேண்டும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது, கல் மூட்டுகளில் படிக்கட்டாக இறங்குவது, ஒரு பக்கம் அகலமாகி மறுபக்கம் ஒடுங்குவது, இவை சுவரோ அத்திவாரமோ அசைகிறது என்று சொல்பவை. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், அகலத்தையும் அளந்து எழுதுங்கள். மாதா மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலம் 5 மில்லிமீற்றரைத் தொட்டாலோ பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். பலகை கழற்றும்போது தூணில் தேன்வதை போல ஓட்டை தெரிந்தால் சீமெந்துப் பால் பூசி மூட விடாதீர்கள். கம்பி வெளியே தெரிகிறது என்றால் அதைத் திருத்தும் முறையையும் அறிந்தவர்தான் சொல்ல வேண்டும், சிலவேளை உடைத்துப் போட வேண்டியும் வரும்.

மேசன் திருத்த மறுத்தால், அல்லது பாதியில் விட்டுப் போனால், புதிய ஆளைக் கொண்டு உடனே தொடங்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் விடுகிற பிழை இது. புதியவர் கைவைத்த பிறகு எது யாருடைய பிழை என்று காட்ட முடியாது. பழைய மேசனுக்குத் திகதி குறித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: குறைகள் இவை, இத்தனை நாளுக்குள் வந்து திருத்த வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைக் கொண்டு செய்து செலவைக் கழிப்பேன். அந்த நாள் தாண்டியதும், தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்த வேலையையும் குறைகளையும் அளந்து கையெழுத்தோடு அறிக்கை எடுங்கள். அதற்குப் பிறகு புதியவர் வரலாம்.

காசுப் பிணக்கை முதலில் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை இது. சட்டத்தரணி தேவையில்லை, இருவரையும் இருத்திவைத்துப் பேசுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்கள் முன்னால் என்பதால் பல மேசன்மார் அங்கே இறங்கி வருவார்கள். இணக்கம் வராவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். பொலிசுக்குப் போவதால் சுவர் நிமிராது. காசு வாங்கிக்கொண்டு வேலைக்கே வராமல் ஏமாற்றிய விடயமென்றால் அது வேறு.

முதல் மாரியில்

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றுங்கள். முகட்டோட்டுக்குக் கீழே, சுவரும் கூரையும் சேரும் இடம், யன்னலின் கீழ்க்கட்டு, குளியலறைக்குப் பின்சுவர், பிளேற்றின் அடிப்பக்கம். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தை அரிக்கிறதா, முற்றம் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்றும் பாருங்கள். மழை பெய்யும்போதே படம் எடுங்கள், காய்ந்த பிறகு ஒன்றும் தெரியாது. தையில் அந்தப் பட்டியலை மேசனிடம் கொடுங்கள்.

எங்கள் குசினி மூலையை வேறொரு மேசன் அண்ணைதான் திருத்தினார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் சொன்னபடி, அத்திவாரத்தின் கீழே மூன்று மூன்றடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டினார். நாலரை அடியில் இறுகிய மண் வந்தது. ஒரு துண்டுக்குக் கொங்கிறீட் போட்டு, ஒரு கிழமை இறுகவிட்டு, பிறகுதான் அடுத்த துண்டு. சுவர் வெடிப்பை மட்டும் பூசாமல் விட்டு, முனைகளில் பென்சில் கோடு போட்டோம். அடுத்த மாரி முழுவதும் அது அப்படியே நின்றது. மாசியில் உடைந்த கற்களை மாற்றிப் பூசினார். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடிய, பிடித்து வைத்திருந்த பத்து வீதத்தையும் எண்ணிக் கொடுத்துக் கொப்பியில் கையெழுத்து வாங்கினேன்.